பழகுவதற்கு ஒரு பெயர்

மாலினேயோவுக்கு லினேயோ என்று ஒரு மகள் கிடையாது. லெசோத்தோவின் ஹா மொகெத்தி ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்; எவரும் அவள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, அவ்வளவுதான். கல்யாணம் முடிந்து அவள் இந்த ஊருக்குள் கால் வைத்த அன்று, மாமியார் ஒரு புதுக் கம்பளியை அவள் தோளில் போர்த்தி, "இன்னையிலேருந்து நீ மாலினேயோ" என்று சொந்தபந்தம் கேட்கச் சொன்னாள். லினேயோவின் அம்மா என்று அர்த்தம். லினேயோ என்பது புருஷன் வீட்டுப் பழைய பெயர். மாமனாரின் அத்தை ஒருத்தி வைத்திருந்தாள்; அவள் போன பிறகு பெயர் ஆளில்லாமல் கிடந்தது. எங்கள் பக்கம் அப்படித்தான். அம்மா பட்டத்தை முதலில் கட்டிவிடுவார்கள், பிள்ளை பின்னால் வந்து சேரும். பெரும்பாலும் வந்து சேர்ந்தும் விடுகிறது.

இவளுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேர் இடித்துக் கொடுப்பவரிடம் போனாள். சர்ச்சில் முழங்கால் தேய மண்டியிட்டாள். மாமியார் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். புருஷன் துமேலோவுக்கு எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் வேலை. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வருவான். வேறொருத்தியைக் கட்டிக்கொள் என்று ஓதியவர்களிடம், "இருக்கறவளோட சண்ட போடவே எனக்கு லீவு பத்தல, இதுல இன்னொருத்தியா?" என்று சிரித்து மழுப்பிவிட்டான். நல்ல மனுஷன். நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டால் மட்டும் வீடு நிறைந்துவிடுமா? கடைக்காரன், பாதிரியார், எதிரே வருகிறவன், போகிறவன் எல்லோரும் நாள் முழுக்க அவளை லினேயோவின் அம்மா, லினேயோவின் அம்மா என்றே கூப்பிட்டார்கள். பதினெட்டு வருஷமாக அவளும் அதற்கு முகம் மாறாமல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து முற்றம் ஓரகத்தி மாதெபோஹோவுடையது. துமேலோவின் தம்பி பெண்டாட்டி. அவளுக்குத் தெபோஹோ கல்யாணமான மறு வருஷமே வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பயல்கள். இப்போது வயிற்றில் நாலாவது. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அவள் வீட்டில் ஆடு அறுத்தால் வேலிக்கு மேல் ஒரு கிண்ணம் வந்துவிடும். ஒருநாள் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது."

"கேட்டாத்தானே கோச்சுக்கலாமா வேண்டாமான்னு தெரியும்?"

"இது பொண்ணுதான்க்கா. பயலுக உதைச்ச உதை வேற, இது வேற. பொண்ணு பொறந்தா லினேயோன்னு வைக்கட்டுமா? வீட்டுப் பேரு, வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

மாலினேயோ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "பாக்கலாம்" என்றாள். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. மூன்று இருக்கிறது, நாலாவதும் வருகிறது. என்னிடம் இருப்பது அந்த ஒன்று, அதுவும் இவளுக்கு வேண்டுமாக்கும்!

அந்த வருஷம்தான் ஊருக்கு வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்தார்கள். ஏதோ ஓர் அமைப்பு. படிப்பை முடித்த பிள்ளைகளை இரண்டு வருஷம் எங்கள் நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் சுகாதார நிலையங்களிலும் வேலை செய்ய அனுப்புகிறது. வந்தவுடனே வேலைக்கு அனுப்பிவிட மாட்டார்கள். முதல் மூன்று மாதம் பயிற்சி. மொழி பேசுவது, பெரியவர்களைப் பார்த்தால் எப்படிக் கும்பிடு போடுவது, ஒரு வாளித் தண்ணீரில் எப்படிக் குளிப்பது, மண்ணெண்ணெய் அடுப்பை எப்படி முகம் கருகாமல் பற்றவைப்பது, எல்லாம். அந்த மூன்று மாதமும் ஆளுக்கொரு வீட்டில் பிள்ளையாகத் தங்க வேண்டும். அறை காலியாக இருக்கிற வீடாகப் பார்த்துப் பிடித்தார்கள். மாலினேயோ வீட்டில் ஓர் அறை கட்டிய நாளிலிருந்து காலி.

பிள்ளைகளுக்குப் பயிற்சி தருமுன் அம்மாக்களுக்குப் பயிற்சி தந்தார்கள். சர்ச் கூடத்தில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். பயிற்சியாளர் லிசெபோ தலைநகரிலிருந்து வந்திருந்தாலும் எங்கள் இனத்துப் பெண்தான். வாட்டசாட்டமான ஆள், அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"தண்ணிய மொதல்ல கொதிக்க வைக்கணும். அப்புறம் வடிகட்டணும். அப்புறம் ஆற வச்சுக் குடுக்கணும்."

"குடிப்பாங்களா, இல்ல அதுக்கப்புறமும் மோந்து பாப்பாங்களா?" என்று ஒருத்தி கேட்க, கூடமே சிரித்தது.

"ரூமுக்குள்ள போறதுக்கு முன்னால கதவத் தட்டணும். உள்ள தனியா உக்காந்திருந்தா கோவம்னு நெனைக்காதீங்க."

"தனியா உக்காந்து என்ன டீச்சர் பண்ணுவாங்க?"

"தனியா இருப்பாங்க."

"அடக் கடவுளே, அதுக்கு இவ்வளவு தூரமா வரணும்?"

சிரிப்பு அடங்கியதும் லிசெபோ கையைத் தூக்கினாள். "கடைசியா ஒண்ணு. ஒவ்வொருத்தரும் உங்க பிள்ளைக்கு நம்ம பேரு ஒண்ணு வைக்கணும். வீட்டுப் பிள்ளைக்கு வைக்கற மாதிரி மனசார வைங்க. அந்தப் பேருதான் அவங்கள இங்க நிக்க வைக்கும்."

உடனே பெஞ்சுக்குப் பெஞ்சு பெயர் பறந்தது. ஒருத்தி எப்போதோ ஓடிப்போன கொழுந்தன் பெயரை வைக்கப்போகிறேன் என்றாள், இவனாவது வீட்டில் நிற்கிறானா பார்க்கலாம் என்று. மாலினேயோ மட்டும் வாயைத் திறக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு வார்த்தையையே உருட்டிக்கொண்டு வந்தாள். மனசார என்று சொன்னாளே, மனசார என்று.

ஈஸ்டர் வாரத்தில் வேன் வந்தது. துமேலோவும் லீவில் வந்திருந்தான். மாலினேயோவுக்கு விழுந்தவள் கனடாக்காரி, பெயர் ஹெதர், இருபத்து மூன்று வயது இருக்கும். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது, முதுகில் அவளைவிடப் பெரிய பை. ஒவ்வோர் அம்மாவும் முன்னால் போய் ஒரு பெயரைச் சொல்ல, கூட்டம் சிரித்துக் கைதட்டியது. மாலினேயோவின் முறை வந்தது. தன் கம்பளியைக் கழற்றி அந்தப் பெண்ணின் தோளில் போர்த்தி, "இவ பேரு லினேயோ" என்றாள்.

அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குலவை கிளம்பியது பாருங்கள், மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். யாரோ ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து துமேலோ தலையில் கவிழ்த்தார்கள். மூத்தது பெண்ணாகப் பிறந்தால் அப்பனுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஊரில் அவன் வயசுக்காரன் எல்லோரும் எப்போதோ அப்பனாகிவிட்டார்கள், அவன் ஒருத்தன்தான் காய்ந்து கிடந்தான். "எவடி அது? ஐஸ் தண்ணிய ஊத்திட்டியே!" என்று கத்தினான். முகத்தைத் துடைக்கிறேன் பேர்வழி என்று வெகுநேரம் துடைத்துக்கொண்டே நின்றான். லிசெபோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு குலவை போட்டாள்.

மாதெபோஹோ மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில், "வீட்டுப் பேர ரோட்டுல போற வண்டியில ஏத்தி விட்டுட்டியே அக்கா" என்றாள். மாலினேயோவுக்கு அதில் பொறாமை மட்டும்தான் காதில் விழுந்தது.

முதல் வாரம் பெரும்பாடு. மக்காச்சோளக் களி அந்தப் பெண்ணின் தொண்டையில் இறங்கவில்லை, இறங்கினதும் வயிற்றில் தங்கவில்லை. கழிப்பறைக்குப் போகிற வழியில் நாய் படுத்திருந்தால் வாசலிலேயே நின்று, "அம்மா! நாய்!" என்பாள். நாய் எழுந்து போகும். பார்த்தால் அது இவளைவிடப் பயந்திருக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் குளிக்கத் தெரியாமல் அறை முழுக்கக் குளமாக்கினாள். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து நாலடி நடந்து, பாதித் தண்ணீரில் தானே குளித்து வந்தாள். ஊரே சிரித்தது, அவளும் கூடச் சிரித்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. அழுகிறபோது தட்டலாமா கூடாதா என்று சர்ச் கூடத்தில் சொல்லித்தரவில்லை.

வாரக் கடைசியில் அவள் துணிகளை மடித்துப் பெரிய பையைக் கட்டி வைத்திருந்ததை மாலினேயோ பார்த்தாள். லிசெபோவுக்கு ஃபோன் போட்டாள். லிசெபோ வந்து, உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு, இங்கிலீஷில் வெகுநேரம் பேசினாள். வெளியே மாலினேயோ பெருக்கிய முற்றத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. ஹெதர் சிவந்த கண்ணோடு நேரே வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். விடவேயில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. அப்புறம் போய்ப் பையைப் பிரித்து, சட்டைகளை ஆணியில் மாட்டினாள். தனக்குப் பிள்ளை பிறந்த நாள் அதுதான் என்று மாலினேயோ மனசுக்குள் குறித்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் நடையே மாறிப்போயிற்று என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மாறாமல் என்ன செய்யும்? குழாயடியில் யாரோ, "லினேயோ! உங்கம்மா கூப்பிடறா பாரு!" என்று கத்துவார்கள். "இதோ வர்றேன்!" என்று ஒரு குரல் பதில் சொல்லும். முதல் தடவை அதைக் கேட்டபோது மாலினேயோ வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அப்புறம் ஆசை விடவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிட்டாள். "லினேயோ, கோழி எங்கடி?" என்பாள், கோழி அவள் காலடியிலேயே நின்றுகொண்டிருக்கும்.

மாலினேயோ பள்ளிக்கூட வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்பவள். மர நிழலில் மொழி வகுப்பு முடிந்ததும் ஹெதரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தியது. எங்கள் மொழியில் நாக்கை அண்ணத்தில் சொடுக்கிச் சொல்லும் எழுத்து ஒன்று உண்டு. அது வராமல் வாரக்கணக்கில் மல்லுக்கட்டினாள். மாலினேயோ எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே சொடுக்குவாள், அவள் திருப்பிச் சொடுக்குவாள், உருண்டை வாங்க வந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சொடுக்கும். களி கிண்டவும் கற்றுக்கொண்டாள், ஒரு மாதிரியாக.

"இது களியாடி, இல்ல வீட்டுக்கு அடித்தளம் போடறியா?"

"கல்லுதான் அம்மா. ஆனா பாசமா கிண்டின கல்லு."

துமேலோ சுரங்கத்திலிருந்து கூப்பிட்டால் முதல் கேள்வி, "லினேயோ சாப்பிட்டாளா?" என்பதுதான். "கட்டின பொண்டாட்டி சாப்பிட்டாளான்னு இத்தன வருஷத்துல ஒரு நாளு கேட்டதுண்டா?" என்று இவள் பொய்க்கோபம் காட்டுவாள். ஃபோனை வைத்த பிறகும் முகத்தில் சிரிப்பு நிற்கும்.

நடுவில் மாதெபோஹோவுக்குப் பிரசவமாயிற்று. அவள் சொன்னபடி பெண்ணேதான். லிகாங் என்று பெயர் வைத்தாள். சச்சரவு என்று அர்த்தம். வீட்டில் நடந்ததைப் பிள்ளை மேல் பெயராகப் போட்டுவிடுவது எங்கள் பக்கம் உண்டுதான், அதற்காக இப்படிப் பச்சையாகவா? மாலினேயோ புளித்த கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். "பாப்பா நல்லா இருக்கா" என்றாள்.

"பேரச் சொல்லு அக்கா, வாய் வெந்துடாது."

"பாப்பான்னு சொன்னா அவளுக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் வேலிக்கு மேல் கிண்ணம் வரவில்லை.

பயிற்சி முடிகிற கட்டத்தில், வேலை பார்க்கப்போகிற ஊரைப் பார்த்துவர ஒவ்வொருவரையும் ஒரு வாரம் அனுப்பினார்கள். ஹெதருக்கு மொகொட்லோங் மலைப்பக்கம். போகும்போது அழுதாள், வரும்போது கன்னம் சிவந்து, கண்ணெல்லாம் சிரிப்பாக வந்தாள். குதிரை ஏறியது, பனி பார்த்தது, ஊர்த் தலைவர் வீட்டில் சாப்பிட்டது எல்லாம் சொன்னாள். சொல்லாமல் விட்டதும் ஒன்று இருந்தது. அதை மாலினேயோ எங்கே கண்டாள்? மலையில் குளிருமே என்று தன் கம்பளியையே மடித்து அவள் பையில் வைத்தாள்.

பதவியேற்பு விழா மாவட்டத் தலைநகரில். அம்மாக்களை எல்லாம் பஸ் வைத்துக் கூட்டிப்போனார்கள். மாலினேயோ கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் நீல உடுப்பைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்தியிருந்தாள். தொண்டர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, எங்கள் மொழியில் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். ஹெதர் மைக் முன்னால் வந்து நின்றாள். மாலினேயோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு பாலேசா. மொகொட்லோங் மலையில எனக்கு ஒரு வீடு இருக்கு."

பிசிறில்லாத பேச்சு. அந்தச் சொடுக்கு எழுத்துகூட அடுத்த வாக்கியத்தில் கச்சிதமாக விழுந்தது, எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்து பழகிய எழுத்து. அரங்கம் கைதட்டியது. தெருவுக்கு நாலு பாலேசா இருக்கிற நாடு இது. கல்லெறிந்தால் ஒரு பாலேசா மேல்தான் விழும். மாலினேயோ வேறு யாரோ பேசியதாக நினைத்து ஒருமுறை மேடையைச் சரியாகப் பார்த்தாள். அவளேதான்.

பக்கத்து நாற்காலிக்காரி இடித்தாள். "உம்பொண்ணும் பேர மாத்திட்டாளா? எம்பையனும்தான். நான் வச்சத விட்டுட்டு அங்க ஏதோ புதுசு. போறான் போ, சட்ட மாத்தற மாதிரி மாத்திக்கறானுக." அவளுக்கு அது சிரிப்பு. ஓடிப்போன கொழுந்தனுடைய பெயர்தானே அவள் கொடுத்தது.

சாப்பாட்டு வரிசையில் லிசெபோ தட்டோடு நின்றிருந்தாள். மாலினேயோ எதிரே போய் நின்றாள்.

"டீச்சர், எம்பொண்ணு பேரு என்ன?"

லிசெபோ தட்டை மேசையில் வைத்தாள். "அம்மா, அது வந்து... வேலைக்குப் போற ஊர்ல தலைவர் ஒரு பேரு வைப்பாரு. ரெண்டு வருஷமும் அந்தப் பேருதான். அங்க ஒட்டணும்ல? இங்க வைக்கறது சும்மா பழகறதுக்கு."

"பழகறதுக்கு."

"எல்லா வருஷமும் இப்படித்தாம்மா."

"எல்லா வருஷமும்னா, அன்னைக்கு மனசார வைங்கன்னு சொன்னப்பவே உனக்குத் தெரியும்."

மைக் வேண்டாத அந்தக் குரல் எங்கே போயிற்றோ.

"நீ என்ன மாலினேயோன்னுதான் கூப்பிடற. வீட்டுல எந்த ரூமு காலி, ஏன் காலின்னு நீதான் பாத்துட்டுப் போன. நான் அந்தப் பேரச் சொன்னப்ப நீயும் குலவை போட்ட. அந்த வெள்ளக்காரிக்கு ஒண்ணும் தெரியாது, சரி. நீ இந்த மண்ணுல பொறந்தவதானே? என் கையப் புடிச்சு, 'அது வேண்டாம்மா, வேற ஏதாவது வைங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள அவ மூட்டையக் கட்டிட்டா." லிசெபோ குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் நெறைய பேரு பாதியில ஓடிப்போயிட்டாங்க. மேல இருக்கறவங்க என்னத்தான் கேட்டாங்க. அதனால அன்னைக்கு அவகிட்ட உங்க கதையச் சொன்னேன். பிள்ளை இல்லாதவங்க, இத்தன வருஷமா பொத்தி வச்ச பேர உனக்குக் குடுத்திருக்காங்க, நீ இப்ப போனா அந்த அம்மா செத்தே போவாங்கன்னு. அதுக்கப்புறம்தான் பையைப் பிரிச்சா. உங்களாலதாம்மா அவ இன்னைக்கு மேடையில நிக்கறா."

கடைசி வாக்கியத்தை அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. மாலினேயோவின் வயிற்றுக் குறையைக் கயிறாகத் திரித்து, அந்தப் பெண்ணைக் கட்டிப்போட்டிருக்கிறாள். பிள்ளை பிறந்த நாள் என்று இவள் வைத்திருந்த அந்த நாளில், நடுங்கி நடுங்கிக் கட்டிக்கொண்டவள் மகளாக வரவில்லை. இவள் செத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் வந்திருக்கிறாள். பரிதாபம்! மூன்று மாதம் இவள் வாங்கிச் சாப்பிட்டது அத்தனையும் பரிதாபம்.

அதற்குள் ஹெதரே கையில் கேக்கோடு ஓடிவந்தாள். "அம்மா! நான் நல்லாப் பேசினேனா?" லிசெபோவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மலைக்குப் போயிட்டு வந்தப்பவே ஏன் சொல்லல?"

ஹெதர் வார்த்தை தேடினாள். "பயம், அம்மா. அந்தப் பேரு ரொம்பக் கனம். தண்ணிக் குடம் கனம், ஆனா கீழ வைக்கலாம். அது வைக்க முடியல. நீங்க கூப்பிடும்போது எல்லாம் நான் பொய் சொல்ற மாதிரி... மலையில பாலேசான்னு சொன்னாங்க. எனக்கு மூச்சு வந்துச்சு." அழுதுவிட்டாள். "ஆனா உங்களுக்கு நான் எப்பவும் லினேயோ."

அவளை முழுசாகத் திட்டவும் முடியவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. உண்மையைச் சொல்கிறாள், அழுகிறாள், கையில் கேக் வேறு. மாலினேயோ அவள் கன்னத்தைத் துடைக்கக் கை எடுத்தாள், பாதியில் இறக்கிக்கொண்டாள்.

"பாலேசா நல்ல பேருதான். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

இந்த மூன்று மாதத்தில் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. ஹெதருக்கு எங்கள் மொழி அந்த அளவுக்கு வந்திருந்தது. முகம் வெளிறிப்போய் நின்றாள்.

பஸ்ஸில் மற்ற அம்மாக்கள் ஊர் வரும்வரை பாடிக்கொண்டு வந்தார்கள். துமேலோ கூப்பிட்டான். "லினேயோ மேடையில நல்லாப் பேசினாளா?" மாலினேயோ, "நல்லாப் பேசினா" என்றாள். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மாதெபோஹோ முற்றத்துக்குள் வந்தாள். பிரசவத்துக்கு முன்னால் வேலி தாண்டியவள், அதற்கப்புறம் இப்போதுதான். குழந்தை கையில் இருந்தது. பஸ்ஸில் போன ஒன்பது வாயும் ஊருக்குள் ஒன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

"கேள்விப்பட்டேன்க்கா."

"வந்துட்டியா? சிரிச்சுட்டுப் போ. உனக்கு இல்லாத உரிமையா?"

"சிரிக்கலாம்னுதான் கெளம்பினேன். வாசல் வரைக்கும் வந்தேன், சிரிப்பு வரல." மாதெபோஹோ திண்டில் உட்காரவில்லை, நின்றபடியே பேசினாள். "நீ எனக்குக் குடுக்காம விட்டப்பகூட இவ்வளவு வலிக்கல. வீட்டுப் பேரு. நம்ம மாமியா சாகறப்பவும் அதத்தான் சொல்லிட்டுப் போனா. எவளோ வந்து போட்டுப் பாத்துட்டுக் கழட்டி வீசிட்டுப் போயிட்டாளே."

மாலினேயோ நேற்றிலிருந்து அழவில்லை. இப்போது குரல் உடைந்தது. "இப்ப எடுத்துக்கோடி. பாப்பாவுக்கு வை. லிகாங்கறத மாத்திடலாம், நானே பாதிரியார்கிட்ட பேசறேன். எங்க வேணும்னாலும் வந்து பேசறேன். வச்சுக்கோ."

மாதெபோஹோ முகத்தில் குத்தல் இல்லை, நக்கல் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை. "லிகாங்ன்னு கூப்பிட்டா இவ சிரிக்கறாக்கா. அர்த்தமெல்லாம் இவளுக்கா தெரியும்? இவளுக்கு இந்தப் பேரு பழகிப்போச்சு." குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். "அதோட, ஊரறிய ஒருத்தி உடுத்திக் கழட்டினத எம்பொண்ணுக்கு எப்படிக்கா போடறது? நீயே சொல்லு. நீ போடுவியா?"

மாலினேயோ போடமாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது. யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவரை அந்தப் பெயருக்கு ஆள் வரலாம் என்று ஒரு வழி இருந்தது. இனி இந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் அது ஆகாது. கொடுத்து அழித்தவள் அவளேதான். அவள் கொடுக்கும்படி தள்ளி விட்டவள் தலைநகரில் அடுத்த வருஷத்துக்கு அம்மாக்களைத் தேடிக்கொண்டிருப்பாள்.

"அப்போ ஊருக்கெல்லாம் சொல்லிடு" என்றாள். "இனிமே யாரும் என்ன மாலினேயோன்னு கூப்பிட வேண்டாம். லினேயோன்னு யாரும் இல்ல. வரவும் மாட்டா. நான் யாருக்கும் அம்மா இல்ல."

"பைத்தியம் மாதிரி பேசாத. பின்ன ஊரு உன்ன என்னன்னு கூப்பிடும்?"

அவள் யோசிக்க வேண்டியிருந்தது. அப்பா வீட்டுப் பெயர் ஒன்று இருந்தது. கல்யாணத்தன்று கம்பளியைப் போர்த்தியதோடு அது முடிந்துபோனது. துமேலோ அதைச் சொன்னதில்லை. இந்த ஊரில் ஒருவருக்கும் அதைச் சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை. வாய்க்குள் தேடி எடுத்து, "மொசேலே" என்றாள்.

மாதெபோஹோ குழந்தையை முதுகுக்கு ஏற்றித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டபடியே, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"அது யாருக்கா?"